கீழே யாரும் இல்லாத மேற்பார்வையாளர்

மடிப்பக்கா விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். அவளுக்கு வேண்டாம். சலவை அறைச் சுவரில் தோள் உயரத்தில் இரண்டு கொக்கிகள் அடித்து வைத்திருந்தாள். இரண்டு முனைகளைக் கொக்கியில் மாட்டி, மற்ற இரண்டைப் பிடித்துப் பின்னால் நடந்து, ஒரு உதறு உதறி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து நீவினால் அரை நிமிடத்தில் ஒரு விரிப்பு முடிந்தது. மடிப்பு கத்தி முனை மாதிரி நிற்கும். அந்தப் பெயர் வந்தது அதனால்தான். சொந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் அந்த முதியோர் பராமரிப்பு இல்லத்தில் காவலாளிக்கே அவளைத் தெரியாது.

மடித்ததைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தாள். எதிர்ச் சுவர் முழுக்க நாற்பது அறைகள் கொண்ட மர அலமாரி. நாற்பது படுக்கைக்கு நாற்பது அறைகள், அடியில் எண்கள். ஒவ்வொரு அறையிலும் அந்தந்தப் படுக்கைக்கு உரிய எட்டு குறுக்கு விரிப்புகள் இருக்கும். குறுக்கு விரிப்பு என்றால், படுத்த படுக்கையாக இருப்பவரின் இடுப்புக்கு அடியில் குறுக்கே போடும் பாதித் துணி. அதைப் பிடித்துத்தான் ஆளைப் புரட்டுவோம். நனைந்தால் அதை மட்டும் உருவி மாற்றுவோம். மாடியிலிருந்து அழுக்கு இறங்க இறங்க, அலமாரியிலிருந்து சுத்தமானது ஏறும். எல்லா அறைகளும் எப்போதும் பாதி காலியாக இருப்பதுதான் நல்ல அறிகுறி.

அன்று பதினொன்றாம் எண் அறை நிறைந்து இருந்தது. முந்தின நாளும் நிறைந்து இருந்தது. அதற்கு முந்தின நாளும்.

அந்த இல்லத்துப் பராமரிப்பாளர்களுக்குப் படுக்கைப் பராமரிப்பு கற்றுக்கொடுக்க நான் பல வருடங்கள் போய் வந்தேன். அதனால் சொல்கிறேன். பேச்சு நின்றுபோய், சிறுநீர் அடக்க முடியாத ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு குறுக்கு விரிப்பாவது போகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கும்போது ஈரம் இருந்தால் மாற்றியாக வேண்டும். மூன்று நாளாக ஒரு துணிகூட இறங்கவில்லை என்றால் இரண்டே காரணம்தான். ஆள் படுக்கையில் இல்லை. அல்லது ஆளை யாரும் தொடவில்லை.

மடிப்பக்கா முதல் காரணத்தைத்தான் நினைத்தாள். பதினொன்றில் இருந்தவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். அவருடைய அண்ணன் மகன் வீட்டுக்கு அழைத்துப் போயிருப்பான், அல்லது பெரியவர் போய்ச் சேர்ந்திருப்பார். அப்படியானால் எட்டு துணிகளையும் வேறு எண்ணுக்கு மாற்ற வேண்டும். அதைக் கேட்கத்தான் மேலாளர் அறைக்குப் போனாள்.

மேலாளர் கைபேசியில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தாமல் புருவத்தைத் தூக்கினார்.

"சார், பதினொண்ணு காலியா?"

"இல்லையே. ஏன்?"

"மூணு நாளா துணி இறங்கவே இல்லை."

"வேலை மிச்சம்னு சந்தோஷப்படுங்கக்கா" என்று சிரித்தார் அவர். அவளும் கூடச் சிரித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் பதினொன்றின் துணிகள் ஒரே நேரத்தில் மூன்று இறங்கின. அவற்றைக் கையில் எடுத்ததுமே, சீழ் வாடையில் அவளுக்கு விஷயம் விளங்கியது. இருபத்தொரு வருடம் அழுக்குத் துணி பிரித்தவளுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம்.

அன்று காலை விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியவள் நெட்டை. பதினொன்றுக்குப் பொறுப்பான பராமரிப்பாளர். நிலைப்படியில் தலை இடிக்கும் உயரம், அதனால் நெட்டை. தாயின் கண் அறுவைக்காக முறையாக எழுதிக்கொடுத்து நான்கு நாள் விடுப்பில் போயிருந்தாள். அந்த நான்கு நாளுக்கு மாற்று ஆள் போடவில்லை. "எல்லாரும் சேர்ந்து பாத்துக்கோங்க" என்று சொன்னார்கள். எல்லாரும் என்று சொன்னால் யாரும் இல்லை என்று பொருள். இதை நான் ஒவ்வொரு வகுப்பிலும் முதல் நாளே சொல்வேன். யாரும் குறித்துக்கொள்வதில்லை.

பெரியவரைப் புரட்டிப் பார்த்த நெட்டை, முதுகெலும்பின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணைக் கண்டாள். உடனே எழுதிக்கொடுத்தாள். மருத்துவரை அழைத்தாள். எழுதிக்கொடுத்தவள் மேலேயே பழி விழுந்தது. மாடியில் புரட்டிய நேரங்களைக் குறிக்கும் தாளில் அந்த நான்கு நாளுக்கும் வரிசையாகச் சரிக்குறி இருந்தது. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் போட்டது. நேரம் கிடைக்காதவர்கள் மாதக் கடைசியில் செய்யும் வேலை. ஆனால் தாள் தாள்தான். நான்கு நாளும் ஒழுங்காகப் புரட்டியிருக்கிறார்கள், ஆகவே புண் அதற்கு முன்பே, நெட்டையின் கவனக்குறைவால் வந்தது என்று இல்லம் எழுதியது. அவளை வேலையிலிருந்து நீக்கியது. பராமரிப்பாளர் பதிவுக் குழுவுக்கும் ஒரு கடிதம் போனது. பதிவு நீங்கினால் அவள் எந்த இல்லத்திலும் எந்த மருத்துவமனையிலும் ஒரு நோயாளியைத் தொட முடியாது. பதினான்கு வருட வேலை அதோடு முடியும்.

நெட்டை ஒரு வக்கீலைப் பிடித்து வழக்குப் போட்டாள்.

இல்லத்தில் மேலாளர் எல்லாரையும் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டினார். வழக்கைப் பற்றி வெளியாரிடம் வாய் திறந்தால் வேலை போகும் என்று ஒரு காகிதம். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். மடிப்பக்காவும் போட்டாள். அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி கூட்டினார். இந்த முறை மேசையில் ஒரு பெட்டி, அதில் சட்டையில் குத்திக்கொள்ளும் பெயர் அட்டைகள்.

எங்கோ யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்: எதிர்க்கட்சி வக்கீல் சாதாரண ஊழியரிடம் பேசலாம், மேற்பார்வையாளரிடம் பேசக்கூடாது என்று. மேலாளர் சுலபமான வழி கண்டுபிடித்தார். எல்லாரையும் மேற்பார்வையாளர் ஆக்கிவிட்டார். சலவை மேற்பார்வையாளர், சமையல் மேற்பார்வையாளர், நுழைவாயில் மேற்பார்வையாளர். தோட்டக்காரருக்கும் ஒன்று.

"சார், நான் யாரை மேற்பார்க்கணும்?" என்று கேட்டார் தோட்டக்காரர்.

"செடியை."

"அது எப்பவும் பாக்கறதுதானே சார்."

"இனிமே அட்டையோட பாருங்க."

கூடம் சிரித்தது. அட்டை எதற்கென்று யாருக்கும் தெரியாது. காவலாளி அட்டையைக் குத்திக்கொண்டு படம் எடுத்து மாமனாருக்கு அனுப்பினார். அன்று மாலைக்குள் அந்த இல்லத்தில் இருபத்தாறு மேற்பார்வையாளர்கள் இருந்தார்கள். மேற்பார்க்கப்பட ஒருவர்கூட மிஞ்சவில்லை.

மடிப்பக்காவுக்கு மட்டும் நிறைந்து இருந்த அந்த அறை கண்ணை விட்டுப் போகவில்லை. கணவரிடம் சொன்னாள். அவர் வீட்டின் முன்னறையிலேயே பூட்டுக் கடை வைத்திருந்தவர். சாவி அறுப்பார், பூட்டுப் பழுது பார்ப்பார், வாய் ஓயாது.

"நெட்டையோட வக்கீல் வந்தா சொல்லிடுவேன்" என்றாள்.

"வரலேன்னா?"

"வருவாங்க."

"வந்தா நல்லா உக்காரவச்சுச் சொல்லு. நின்னுக்கிட்டே சொன்னா நீ பாதியில மடிக்கப் போயிடுவ."

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வக்கீல் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி கடை வாசலில் நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"முதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். உங்க இல்லத்து மேல கேஸ் போட்டிருக்காங்களே, அவங்களோட வக்கீல் நான். உங்க முதலாளிக்கு எதிர்ப்பக்கம். இது தெரிஞ்சும் பேச விருப்பம் இருந்தா மட்டும் பேசுங்க. இல்லேன்னா இப்பவே கிளம்பிடறேன், தப்பா நினைக்க மாட்டேன்."

பூட்டுக்காரர் சாவியை அரத்திலிருந்து எடுத்தார். "உள்ள வரும்போதே வெளிய போற வழியைப் பாத்து வச்சுக்கிற ஆளை இப்பதான் பாக்கறேன்."

"நான் பேசறேன்" என்றாள் மடிப்பக்கா. "உக்காருங்க."

வக்கீல் உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்தாள். "பேசறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்டாகணும், அக்கா. பதினொண்ணாம் படுக்கையைப் பாத்துக்கிற வேலையில நீங்க இருந்தீங்களா?"

"இல்லை. எனக்கு மாடியில வேலையே கிடையாது."

"இல்லத்து வக்கீல் இந்த விஷயமா உங்களைக் கலந்து பேசினாரா?"

"அவர் முகத்தைக்கூட நான் பாத்ததில்லை."

"உங்களுக்குக் கீழ யாராவது வேலை செய்யறாங்களா? இல்லத்துக்காக முடிவெடுக்கிற பொறுப்பு ஏதாவது உண்டா?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் செய்யும் தப்பை மடிப்பக்கா செய்தாள். உள்ளே போய் அட்டையை எடுத்து வந்து காட்டினாள். "இதைக் குடுத்திருக்காங்க. சலவை மேற்பார்வையாளர்னு."

வக்கீல் அட்டையை வாங்கிப் பார்த்தாள். குறிப்பேட்டை மூடினாள். எழுந்துவிட்டாள்.

"அக்கா, போதும். இதுக்கு மேல நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. நானும் கேக்கக்கூடாது."

"என்னது?"

"அவங்களுக்கு ஒரு வக்கீல் இருக்கார். இல்லத்துக்காகப் பேசற, முடிவெடுக்கிற ஆட்கள்கிட்ட அவருக்குத் தெரியாம நான் போய்ப் பேசினா, அவரைத் தாண்டிக் குதிச்ச மாதிரி. மத்த வேலைக்காரங்ககிட்ட, இந்த விஷயத்துல கை இல்லாதவங்ககிட்ட பேசலாம். நீங்க எந்தப் பக்கம்னு இந்த அட்டை சந்தேகம் பண்ண வைக்குது."

"மூணு வாரமா மனசைத் திடப்படுத்தி இன்னிக்குத்தான் வாயைத் திறக்கறேன். கேக்க வந்த நீங்களே மூடச் சொல்றீங்களா? எனக்குக் கீழ யாரும் இல்லம்மா! மூணு மெஷின் இருக்கு. அதுல ஒண்ணு என் பேச்சையே கேக்காது."

வக்கீல் சிரித்தாள். ஆனால் உட்காரவில்லை. "நம்பறேன் அக்கா. ஆனா எனக்கு வசதியானதை நான் நம்பறது ரொம்பச் சுலபம். அதனாலதான் நான் முடிவு பண்ணக்கூடாது."

"சரி, உங்ககிட்ட சொல்ல வேண்டாம். நெட்டைகிட்ட சொல்றேன். அவ உங்ககிட்ட சொல்லட்டும்."

"நீங்க ரெண்டு பேரும் உங்களுக்குள்ள பேசிக்கிறதை யாரும் தடுக்க முடியாது. ஆனா 'போய் வாங்கிட்டு வா'ன்னு நான் அவங்களை அனுப்பினா, நானே வந்து கேட்ட மாதிரிதான். அப்படி வாங்கினதைக் கோர்ட்டுல வச்சா, திருட்டுத்தனமா எடுத்ததுன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. அப்ப போறது என் பேர் மட்டும் இல்லை, அவங்களோட பதிவும்."

"இவ்வளவு நேர்மையா இருந்தே கேஸைத் தோத்துடுவீங்க போலிருக்கே."

"தோக்க மாட்டேன். கொஞ்சம் மெதுவா ஜெயிப்பேன்." தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். "அவங்க வக்கீலுக்கு நேரா எழுதறேன். உங்ககிட்ட பேச அனுமதி குடுங்கன்னு. மறுத்தா நீதிபதிகிட்ட கேப்பேன்."

"எழுதினா மேலாளருக்குத் தெரிஞ்சுடுமே!"

அதுதான் அங்கே நின்ற உண்மையான பயம். வக்கீல் மாட்டிய தலைக்கவசத்தைக் கழற்றினாள்.

"தெரியும். அதனால உங்க சம்மதம் இல்லாம எழுத மாட்டேன். யோசிச்சுச் சொல்லுங்க. இது என் எண்."

அவள் போனதும் மடிப்பக்கா கோபத்தில் கடையையே பெருக்கித் தள்ளினாள். பூட்டுக்காரரின் இரண்டு சாவிகள் குப்பையோடு போயின. அவர் குப்பைக் கூடையைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டே சொன்னார்: "அந்தப் பொண்ணு நினைச்சிருந்தா உன்கிட்ட எல்லாத்தையும் கறந்துட்டுப் போயிருக்கலாம். நீயும் சொல்லியிருப்ப. மாட்டிக்கிட்டா உனக்குத்தான் அடி. பூட்டைத் திறக்கத் தெரிஞ்சவன் எல்லாம் திறந்துட்டா நான் எப்பவோ ஜெயில்ல இருந்திருப்பேன்."

இரண்டு நாள் யோசித்தாள். நெட்டையைத் தேடிப் போகவில்லை. கைபேசியில் எண்ணை அழுத்தி, "எழுதுங்க" என்று ஒரே சொல் சொல்லி வைத்துவிட்டாள்.

பதினோரு நாள் ஒன்றும் நடக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் மேலாளர் அறைக்கு வரச் சொன்னார்கள். கையைத் துடைத்துக்கொண்டு போனாள். மேலாளரின் நாற்காலியில் பருத்த உடம்புடன் ஒரு பெரியவர், முழங்காலுக்குப் பக்கத்தில் ஊன்றுகோல். மேலாளர் ஓரத்தில் நின்றார். அந்த அறையில் அவர் நின்று அவள் பார்த்ததே இல்லை.

"உக்காருங்கம்மா" என்றார் பெரியவர். "நான் இல்லத்தோட வக்கீல். உங்க வக்கீல் இல்லை. உங்களுக்கு நல்லதும் இல்லத்துக்கு நல்லதும் வேற வேறயா இருக்கலாம். வேணும்னா நீங்க தனியா ஒரு வக்கீலைக் கேட்டுக்கலாம். இதைச் சொல்லிட்டுத்தான் நான் உங்ககிட்ட எதையும் கேக்கணும்."

"வர்ற வக்கீலெல்லாம் முதல்ல பயமுறுத்திட்டுத்தான் ஆரம்பிக்கறீங்க, ஐயா."

அவர் உடம்பு குலுங்கியது. சிரிக்கிறார் என்று அவளுக்குச் சற்று தாமதமாகத்தான் புரிந்தது.

"உங்களுக்குக் கீழ எத்தனை பேர்?"

"யாரும் இல்லைங்க."

"இந்த அட்டை எப்ப வந்துச்சு?"

"காகிதத்துல கையெழுத்து வாங்கினதுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை."

"அட்டைக்கு முன்னாடி என்ன வேலை?"

"துவைச்சு மடிப்பேன்."

"இப்ப?"

"அட்டை போட்டுக்கிட்டுத் துவைச்சு மடிக்கறேன்."

"வேற யாருக்கெல்லாம் குடுத்தாங்க?"

அவள் மேலாளரைப் பார்த்தாள். மேலாளர் சன்னலைப் பார்த்தார். "எல்லாருக்கும்தான். தோட்டக்காரருக்குக்கூட."

பெரியவர் ஊன்றுகோலை எடுத்துத் தரையில் மெதுவாக ஒரு தட்டு தட்டினார். மேலாளர் பக்கம் திரும்பினார். "இருபத்தாறு மேற்பார்வையாளரோட நான் கோர்ட்டுக்குப் போனா, நீதிபதி முதல்ல என்னைத்தான் மேற்பார்வை பண்ணுவார். உங்களுக்கு இந்த யோசனை யார் குடுத்தா?"

"நானாத்தான் சார்…"

"அதுவரைக்கும் நல்லது. நான் குடுத்ததுன்னு எங்கயும் சொல்லிடாதீங்க. அந்தக் காகிதம் எங்கே?"

மேலாளர் கொண்டுவந்து கொடுத்தார். பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து முழுதும் படித்தார்.

"வெளியாள்கிட்ட பேசாம இருந்தா நல்லாயிருக்கும்னு கேட்டுக்கலாம். பேசினா வேலை போகும்னு மிரட்டக்கூடாது. இது இருக்கிற வரைக்கும் நான் உங்க வக்கீலா இருக்க முடியாது. இன்னிக்கே கிழிச்சுட்டு, எல்லாருக்கும் எழுத்துல சொல்லுங்க. யார் எதைச் சொன்னாலும் அதுக்காக வேலைக்கு எந்தத் தொந்தரவும் வராதுன்னு." பிறகு மடிப்பக்காவிடம்: "அந்த வக்கீலம்மா உங்ககிட்ட பேசறதுக்கு எனக்கு ஆட்சேபம் இல்லைன்னு எழுதிடறேன். பேசறதும் பேசாம இருக்கறதும் உங்க இஷ்டம். பேசினா உண்மையைச் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு. நான் இல்லத்துக்குச் சொன்ன யோசனை ஏதாவது உங்க காதுல விழுந்திருந்தா, அதை மட்டும் வெளிய சொல்லாதீங்க."

"மெஷின் சத்தத்துல என் பேரே என் காதுல விழாது, ஐயா."

"அதுவும் நல்லதுதான்."

நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. அவள் எழுந்து வாசல் வரை வந்தபோது, தாள்களைப் புரட்டிக்கொண்டே அவர் மேலாளரிடம் கேட்பது காதில் விழுந்தது: "நாலு நாளும் ஒரே பேனா போலிருக்கே. இந்தச் சரிக்குறியெல்லாம் போட்டது யாரு?"

மதியத்துக்கு மேல் மேலாளர் சலவை அறைக்கே வந்தார். வாசலில் நின்று, ஈரத் தரையைப் பார்த்துவிட்டு உள்ளே வரவில்லை.

"எழுதிக் குடுத்துட்டேன். அட்டையையும் திருப்பிக் குடுத்துடுங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் இல்லை. அந்தப் பேச்சு முடிஞ்சது. ஆனா ஒண்ணு யோசிங்கக்கா. கேஸ் தோத்து இல்லத்தோட அனுமதி போச்சுன்னா, மேல நாப்பது பேர் படுத்திருக்காங்க. அவங்களை யார் எடுத்துக்குவா? உங்க அலமாரியைப் பாத்துக்கிட்டே யோசிங்க."

மிரட்டியிருந்தால் அவள் திருப்பிக் கொடுத்திருப்பாள். இது வேறு மாதிரி அடி. அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் சங்கடம். அன்று மடித்த விரிப்புகளில் இரண்டை அவிழ்த்து மறுபடி மடித்தாள். அவள் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை.

சாயங்காலம் வீட்டில் கீரைக் கட்டைப் பிரித்துப் போட்டு ஆய்ந்துகொண்டிருந்தாள். நல்ல இலைகள் குப்பைப் பக்கமும் காம்புகள் பாத்திரத்திலும் விழுந்தன. பூட்டுக்காரர் பார்த்துவிட்டுப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"காம்புக் குழம்பு நான் சாப்பிட மாட்டேன். என்ன ஆச்சு, சொல்லு."

சொன்னாள்.

"நாப்பது பேர்னு அவர் சொன்னாரா? சரி. உன்கிட்ட கேக்கப் போறது எத்தனை பேரைப் பத்தி?"

"பதினொண்ணைப் பத்தி மட்டும்தான்."

"அப்ப அதை மட்டும் சொல்லு. மத்த முப்பத்தொன்பதுக்கு நீ என்ன இல்லத்தோட முதலாளியா? அட்டையைக்கூடத்தான் பிடுங்கிட்டாங்களே."

அவள் சிரிக்கவில்லை. "ஒண்ணு இருக்கு. நான் அன்னிக்குப் போய்க் கேட்டேன் இல்லையா? அவர் வேலை மிச்சம்னு சொன்னாரு. நானும் சிரிச்சுட்டு வந்துட்டேன். அப்ப மூணாவது நாள். இன்னும் ஒரு நாள் முழுசா இருந்துச்சு. மாடிக்கு முப்பது படிதான். நான் ஏறிப் போய்ப் பாத்திருக்கலாம்."

அவர் இலைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஆறுதல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை குறைந்திருக்கும். போயிருக்கலாம் என்பது உண்மை. ஒரு நாளில் புண் எவ்வளவு ஆழம் போகும் என்று எனக்குத் தெரியும்.

"அதையும் சொல்லணுமா?" என்று கேட்டாள்.

"நீ சொல்லலேன்னா இல்லத்து வக்கீல் கோர்ட்டுல கேப்பாரு. 'இவ்வளவு தெரிஞ்சவங்க ஏன் சும்மா இருந்தீங்க'ன்னு. அப்ப உன் முகத்தை நீயே பாக்க மாட்ட."

கைபேசியை எடுத்து வக்கீலை அழைத்தாள். "நாளைக்குக் காலையில ஆறரைக்கு வாங்க. ஏழு நாப்பதுக்கு எனக்கு பஸ்."

மறுநாள் காலை ஆறரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே தலைக்கவசம் கடை வாசலில் தெரிந்தது. இந்த முறை வந்ததும் உட்கார்ந்தாள். இல்லத்து வக்கீலின் கடிதத்தை எடுத்துக் காட்டினாள். இன்னொன்றும் சொன்னாள்: சரிக்குறித் தாளை ஆராய நேரம் வேண்டும் என்று அவரும் தானும் சேர்ந்தே பதிவுக் குழுவுக்கு எழுதியிருக்கிறார்கள். அதுவரை நெட்டையின் பதிவில் யாரும் கை வைக்க மாட்டார்கள். சரிக்குறி போட்டவர் யார் என்று இல்லத்துக்குள்ளேயே கேட்கத் தொடங்கிவிட்டார்களாம்.

"நெட்டைக்குத் தெரியுமா?"

"நேத்து ராத்திரி சொன்னேன். அரை மணி நேரம் அழுதாங்க. அப்புறம் பதினொண்ணாம் படுக்கைக்காரர் புண் ஆறுதான்னு கேட்டாங்க."

"ஆறுது. நேத்து அஞ்சு துணி இறங்குச்சு. அதுல மூணுல கறையே இல்லை. மருந்து வாசனை மட்டும்தான்."

பிறகு மடிப்பக்கா பேசினாள். அலமாரியைச் சொன்னாள், எட்டு துணிகளைச் சொன்னாள், எந்த நாள் எந்த அறை எப்படி இருந்தது என்று சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள். மாடியில் யார் எங்கே இருந்தார்கள் என்று கேட்டதற்கு, "நான் பாக்கலை. துணியைத்தான் பாத்தேன்" என்றாள். வக்கீல் எழுதி முடித்து வாசித்துக் காட்டினாள். மடிப்பக்கா தாளைக் கையில் வாங்கித் தானே எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தாள். மணி ஏழு பத்து. வக்கீல் அவசரப்படுத்தவில்லை.

மூன்றாவது பத்தியில் விரல் நின்றது. "இங்க 'மேலாளரிடம் தெரிவித்தேன்'னு மட்டும் இருக்கே."

"தெரிவிச்சீங்கதானே?"

"ஒரு தடவைதான் கேட்டேன். பதினொண்ணுல இருந்த பெரியவர் எப்படி இருக்காருன்னு கேக்கலை. படுக்கை காலியான்னு கேட்டேன். அவர் சிரிச்சாரு, நானும் சிரிச்சேன். அதுக்கப்புறம் யார்கிட்டயும் கேக்கலை. அதையும் எழுதுங்க."

"அக்கா, இது உங்களைக் கொஞ்சம் குறைச்சுக் காட்டும். அவங்க பக்கம் இதைப் பிடிச்சுக்கிட்டுக் கேள்வி கேக்கலாம்."

"கேக்கட்டும். நடந்ததுதானே."

வக்கீல் எழுதினாள். மடிப்பக்கா அந்த இரண்டு வரிகளை மட்டும் மறுபடி படித்துவிட்டு, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் முழுப் பெயரைக் கையெழுத்தாகப் போட்டாள். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கியபோது மணி ஏழு முப்பத்தெட்டு. பேருந்தைப் பிடிக்கத் தெருமுனை வரை ஓட வேண்டியிருந்தது. பிடித்துவிட்டாள்.